மூன்றாவது லொட

மூன்றடுக்கு கேக் ஒன்று காரில் போகும்போது வண்டி பள்ளத்தில் இறங்கினால், முதலில் சரிவது மேலடுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. முதலில் நழுவுவது நடு அடுக்கு. மேலடுக்கு அதன் தலைமேல் உட்கார்ந்தபடி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போலக் கூடவே போகும். இந்த உண்மையைக் கேக்காரர் பத்து நாளில் இரண்டு முறை வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்.

ஊரில் அவரைக் கேக்காரர் என்று கூப்பிடுவார்களே தவிர, கேக் செய்வது அவர் மனைவிதான். முட்டை உடைப்பது, பாத்திரம் கழுவுவது, வண்டி ஓட்டுவது, பேசுவது ஆகிய நான்கும் அவர் பொறுப்பு. இதில் கடைசி வேலையை மற்ற மூன்றையும்விட மனதாரச் செய்வார்.

வண்டி மச்சினனிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. "ராணி மாதிரி வெச்சிருந்தேன் மாமா" என்று சொல்லித்தான் அவன் சாவியைக் கொடுத்தான். நல்ல ரோட்டில் ராணிதான். சின்னதாக ஒரு பள்ளம் வந்துவிட்டால் போதும், முன்சக்கரங்களுக்கு அடியிலிருந்து லொட லொட லொட என்று, தகர டப்பாவுக்குள் கரண்டியைப் போட்டு உலுக்கியது போல ஒரு சத்தம் கிளம்பும். பள்ளம் இல்லாத ரோடு என்று அந்த ஊரில் ஒன்று கிடையாது. அதனால் ராணி வாய் மூடிய நேரமும் கிடையாது.

முதல் கேக் சரிந்தபோது மனைவி அழுதாள். இரண்டாவது சரிந்தபோது அழவில்லை. தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, சர்க்கரைப் பூக்களில் உடையாமல் தப்பியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாள். இருநூற்று நாற்பதில் ஏழு. ஒவ்வொரு இதழாகத் தேய்த்துத் தேய்த்து மூன்று நாள் உட்கார்ந்து செய்த பூக்கள். அவள் அழாமல் இருந்ததுதான் கேக்காரரைப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலமே கல்யாண மண்டபத்து மேலாளர் போன் செய்தார். "சனிக்கிழமை பத்து மணிக்கு விருந்து. அந்தக் கேக்கும் சாய்ஞ்சு வந்துச்சுன்னா, இனிமே உங்க கேக் எங்க வாசப்படி ஏறாது, சொல்லிட்டேன்."

அந்த மண்டபம்தான் அவர்களுக்கு வாரம் தவறாத வாடிக்கை. அது கைவிட்டுப் போனால் மனைவி பழையபடி துணிக்கடைக்கே போய், நாள் முழுக்க நின்றுகொண்டு பிறர் பிரித்துப் போட்டதை மடிக்க வேண்டியதுதான். கேக்கை மண்டபத்தில் வைத்து அடுக்கலாமே என்றால், தரையில் க்ரீம் விழுவது மேலாளருக்கு ஆகாது. வாடகை வண்டியில் கொண்டு போகலாமே என்றால், கேக் என்ற சொல்லைக் கேட்டதுமே ஓட்டுநர்கள் நழுவிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், கல்யாணப் பெண்ணை வேண்டுமானால் ஏற்றிக்கொள்கிறேன், கேக் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் கேக்காரர் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அடியில் படுத்து, கம்பியைக் கொடுத்து இரண்டு நெம்பு நெம்பினான். அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

"சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம்ல புஷ் ரெண்டு பக்கமும் செத்துப் போச்சு அண்ணா. ரப்பரே இல்ல, தூள்தான் இருக்கு. பால் ஜாயின்ட்டும் ஆடுது. மாத்திட்டா கப்சிப்னு ஆயிடும். அரை நாள் வேலை."

"அப்ப இப்பவே கழட்டுப்பா!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனான். "சான்றிதழ் இருக்கா அண்ணா?"

இந்த இடத்தில் வாகன ஓசை வரைமுறை வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல பாகத்தைக் கெட்டுப்போனதென்று சொல்லி மாற்றும் மெக்கானிக்குகளிடமிருந்து மக்களைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட வாரியம் அது. ஒரு வண்டி இன்ன சத்தம்தான் போடுகிறது என்று வாரியம் எழுதிக் கொடுக்கும் வரை, பழுது நீக்குவதற்காக அதன் அடியில் இருக்கும் எந்த போல்ட்டையும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஸ்பேனர்களுக்கு சீல் வைத்துவிடுவார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் ஸ்பேனர்கள் இரண்டு வருஷமாகச் சீலோடு தொங்குகின்றன. அவர் இப்போது குடை ரிப்பேர் செய்கிறார். குடைக்கு இன்னும் வாரியம் வரவில்லை.

புதன்கிழமை கேக்காரர் வாரியத்தின் முன்னால் நின்றார். ஏற்பு எழுத்தர் இடது கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, வலது கையால் படிவத்தை நீட்டினார். படிவத்தில் "ஓசையின் பெயர்" என்று ஒரு கட்டம். கேக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் 'லொட லொட லொட' என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அதுதான்.

"என்னங்க இது?" என்றார் எழுத்தர்.

"சத்தம்."

"சத்தம் சரி. மூணு தடவை எழுதியிருக்கீங்களே?"

"மூணு தடவை வருதுங்க. பெரிய பள்ளமா இருந்தா நாலு."

எழுத்தர் தடிமனான ஓசை அட்டவணையைத் திறந்து விரலை ஓட்டினார். "கடகட இருக்கு, படபட இருக்கு, மடமட இருக்கு. இதோ லொடலொட. ரெண்டே தடவை, சேத்து எழுதணும். மூணாவது லொடவுக்கு அட்டவணையில இடமில்ல."

"அப்ப அதை அடிச்சிடட்டுமா?"

எழுத்தர் முகம் சுருங்கிவிட்டது. "அரசாங்கத்துக்கிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா? வந்த சத்தத்தை வரலைன்னு எழுதுறது குற்றம். வராத சத்தத்தை வந்ததுன்னு எழுதுறதும் குற்றம்."

"எனக்குச் சனிக்கிழமை கேக் போகணும் சார். நீங்களே வந்து ஒரு தடவை வண்டியில உக்காந்து கேட்டுட்டா முடிஞ்சு போச்சு."

கேட்பதில் வாரியத்துக்கு ஆட்சேபம் இல்லை. எங்கே வைத்துக் கேட்பது என்பதில்தான் சிக்கல். வாரிய வளாகத்துக்குள் ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. சோதனைக்கென்று வளாகத்தின் நடுவில் 'அங்கீகரிக்கப்பட்ட பள்ளம்' என்று ஒரு பள்ளம் வைத்திருந்தார்களாம். சுற்றி வேலி, பெயர்ப்பலகை, ஒரு காவலர். போன வருஷம் சாலைத் துறை ஆட்கள் வழி தவறி உள்ளே வந்து, அதை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சாலைத் துறை தொடங்கிய நாள்முதல் அவர்கள் மூடிய பள்ளம் அது ஒன்றுதான். திரும்பத் தோண்டக் கேட்டுக் கோப்பு போயிருக்கிறது. காவலர் மட்டும் தினமும் வந்து, பள்ளம் இருந்த இடத்தைக் காவல் காத்துவிட்டுப் போகிறார்.

"வாசலுக்கு வெளியில பதினோரு பள்ளம் இருக்கே சார்" என்றார் கேக்காரர்.

"அதெல்லாம் அங்கீகாரம் இல்லாத பள்ளம். ஆழம் தெரியாது."

"உங்க கை..."

"ஆமா, மூணாவது பள்ளம். ஸ்கூட்டரோட விழுந்தேன். ஆழம் எனக்குத் தெரியும். வாரியத்துக்குத் தெரியாது."

கேக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து எழுத்தருக்கே மனசு இளகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விதி பதினாலு இருக்கு" என்றார். "பள்ளம் இல்லாத பட்சத்துல, உரிமையாளரே குழு முன்னாடி வந்து அந்தச் சத்தத்தை வாயால செஞ்சு காட்டலாம். நாளைக்குக் காலையில குழு கூடுது. பேரை எழுதிக்கட்டுமா?"

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை நடந்தது. கேக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டார். மனைவி பின்னாலிருந்து நாற்காலியை உலுக்கினாள். கை நிறைய சர்க்கரை மாவு.

"லொட லொட லொட!"

"இது பஸ்ஸுங்க. நம்ம வண்டிக்கு இவ்வளவு தொண்டை இல்ல."

"லொட... லொட... லொட..."

"இது நின்னுபோன வண்டி. அடியில இரும்பும் இரும்பும் இடிக்கிற மாதிரி இருக்கணும். நாக்கை மேல ஒட்டிட்டு விடுங்க."

இருபதாவது தடவை சரியாக வந்துவிட்டது. அவ்வளவு அச்சாக வந்ததில், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "வண்டியை வீட்டுக்குள்ளயா விட்டீங்க?" என்று கேட்டார். மனைவி பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகவே சான்றிதழோடு வந்துவிடுவது என்று கேக்காரர் நெஞ்சுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை குழு கூடியது. நடுவில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் ஓசை அலுவலர் அம்மா, காதுகளை மூடிய பெரிய கருவியோடு. இடப்பக்கம் ஒல்லியான ஒரு பெரியவர். அட்டவணையில் இல்லாத சத்தங்களை ஆராய்வதற்காக வாரியம் வைத்திருக்கும் இலக்கண ஆலோசகர் அவர்.

இயக்குநர் எழுந்து ஒரு முன்னுரை சொன்னார். "இந்த வாரியம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு வண்டிகூடத் தேவையில்லாமல் பழுது பார்க்கப்படவில்லை என்று பெருமையோடு சொல்வேன். தேவை இருந்தும் பார்க்கப்படவில்லை. இதில் நாங்கள் யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. என் காரும்தான் சத்தம் போடுகிறது. நான் விண்ணப்பித்தேனா? பாட்டை உரக்க வைத்துக்கொள்கிறேன். பொதுமக்களுக்கு இந்தப் பொறுமை ஏன் இல்லை என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம். அது இன்னும் கூடவில்லை. நாங்கள் பொறுமையாக இருக்கிறோம்."

ஓசை அலுவலர் அம்மா கைதட்டினார். காதில் கருவி இருந்ததால் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

"ம், ஆரம்பிங்க" என்றார் இயக்குநர்.

கேக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மண்டபத்துக்குப் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி முனையில் இருக்கிற பெரிய பள்ளத்தை நினைத்துக்கொண்டார். நாக்கை மேலே ஒட்டினார்.

"லொட லொட லொட!"

அறை அதிர்ந்தது. இயக்குநர் தன்னையறியாமல் பிரேக்கை மிதிப்பது போலக் காலை நீட்டினார். ஓசை அலுவலர் அம்மாகூடக் கருவியைக் கழற்றிவிட்டு, "அருமை!" என்றார்.

"பொறுங்கள்" என்றார் இலக்கண ஆலோசகர். அவர் மூன்று விரலை நீட்டியிருந்தார். "இரட்டைக்கிளவி என்றால் இரண்டு. பெயரிலேயே இருக்கிறது. இவர் மூன்று சொல்கிறார். ஆகவே இது இரட்டைக்கிளவி இல்லை."

"அப்ப என்னங்க அது?" என்றார் கேக்காரர்.

"அடுக்குத்தொடராக இருக்கலாம். அது இரண்டும் வரும், மூன்றும் வரும், நான்கும் வரும். ஆனால் அடுக்குத்தொடர் சும்மா வராது. உணர்ச்சியில்தான் வரும். பாம்பைப் பார்த்தால் 'பாம்பு பாம்பு' என்கிறோம், அது அச்சம். வண்டி எந்த உணர்ச்சியில் சொல்கிறது? அச்சமா, வெகுளியா, உவகையா?"

"வண்டிக்கு என்னங்க உணர்ச்சி?"

"பள்ளத்துக்கு முன்னால் சொல்கிறதா, விழுந்த பின்னால் சொல்கிறதா?"

"விழுந்த பின்னாலதான்."

"அப்படியானால் அச்சம் இல்லை." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவலம்."

"ஆமாங்க, அவலம்தான்!" என்று கேக்காரர் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் வாரியத்துக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

"இன்னும் முடியவில்லை. அடுக்குத்தொடரைப் பிரித்தால் பொருள் தர வேண்டும். 'லொட' என்று தனியாகச் சொன்னால் என்ன பொருள்?"

கேக்காரர் யோசித்தார். அவருக்குச் சாய்ந்த நடு அடுக்கும், கழுவிக் கவிழ்த்த தட்டும் ஞாபகம் வந்தன. "ஒரு லொடன்னா, ஒரு கேக்குங்க" என்றார்.

குழு அரை மணி நேரம் விவாதித்தது. தனி லொட, ஜோடி லொட, வேகமான லொட, இடது சக்கரத்து லொட, வலது சக்கரத்து லொட என்று கேக்காரரை அறுபது தடவைக்கு மேல் லொடக்க வைத்தார்கள். ஓசை அலுவலர் அம்மா ஒவ்வொன்றையும் கருவியில் பதிவு செய்தார். வெளியே வரும்போது கேக்காரருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. வீட்டில் மனைவி "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்குக் கையால்தான் பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு எழுத்தர் சான்றிதழைக் கொடுத்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. கேக்காரர் அதை அங்கேயே நின்று படித்தார்.

'மேற்படி விண்ணப்பத்தின்பேரில் குழு நேரில் ஆய்வு செய்ததில், மும்முறை ஒலிக்கும் லொட எனும் அவல ஓசை இருப்பது ஐயமின்றி உறுதி செய்யப்படுகிறது. ஆய்வு முழுவதும் மேற்படி ஓசை உரிமையாளரின் வாயிலிருந்தே எழுந்தது. வாகனத்திலிருந்து எவ்வித ஓசையும் எழுந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே வாகனம் ஓசையற்றது, பழுதற்றது எனச் சான்றளிக்கப்படுகிறது. உரிமையாளர் தம் பழுது நீங்கியதற்கான சான்று பெறும் வரை மேற்படி வாகனத்தில் ஏறத் தகுதியற்றவர் ஆவார்.'

"சார், வண்டி வெளியில நின்னுச்சு சார்! நான் உள்ள இருந்தேன்!" கட்டிய குரலில் அது காற்றாகத்தான் வந்தது.

"அதான் எழுதியிருக்கோமே. வண்டி சத்தமே போடலை, நீங்கதான் போட்டீங்க" என்றார் எழுத்தர். "ஒத்துக்கலைன்னா மேல்முறையீடு இருக்கு. ஆனா அதுக்கு வண்டி நேர்ல வந்து சொல்லணும்."

சட்டத்தை மதிக்கிற ஆள் கேக்காரர். அதனால் வண்டியில் ஏறாமல், கதவு வழியாகக் கையை உள்ளே விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மெக்கானிக் கடை வரை அதைத் தள்ளிக்கொண்டே போனார். பதினோரு பள்ளத்திலும் வண்டி லொட லொட லொட என்றது. எதிரே வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் சான்றிதழை இரண்டு தரம் படித்தான். கேக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூன்றடுக்கும் தயார். இருநூற்று நாற்பது புதுப் பூக்கள், இரண்டு நாளாக மனைவி தூங்காமல் செய்தவை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது?

திடீரென்று மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்ப்பா, என் நிலைமை உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"அண்ணா, உங்க வண்டி பழுதற்றதுன்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. பழுது இருந்தாத்தானே பழுது நீக்குறது? பழுதே இல்லாத வண்டியில நான் எதைக் கழட்டினாலும், எதை மாட்டினாலும் அதுக்குப் பேரு அலங்காரம்! ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி! அலங்காரத்துக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?"

கேக்காரர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். சட்டை முழுக்க கிரீஸ் ஆனது. அவருக்கு அது சந்தனம் மாதிரி இருந்தது.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டு லோயர் ஆர்மும் கீழே இறங்கின. பழைய புஷ்ஷைத் தட்டியதும் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புது புஷ், புது பால் ஜாயின்ட் ஏறின. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மலையைப் பிடித்து ஆட்டுவது போல் இருந்தது. அலைன்மென்ட்டும் பார்த்து முடித்துவிட்டு, மெக்கானிக் ரசீதில் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'அலங்காரம். முன்பக்கம், அடியில். வெளியே தெரியாது.'

சனிக்கிழமை காலை கேக்கைப் பின்சீட்டை மடித்து ஏற்றினார்கள். வழக்கமாகக் கேக்காரர் ஓட்டுவார், மனைவி பின்னால் மண்டியிட்டுக் கேக்கை அணைத்துக்கொண்டு வருவாள். இன்றைக்கு அவள் ஓட்டினாள். கேக்கை யாரும் பிடிக்கவில்லை. தகுதியற்றவர் பஸ்ஸில் போனார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் கும்பிடாத தெய்வம் இல்லை. தண்ணீர்த் தொட்டி முனைப் பள்ளத்தில் பஸ் தடாலென்று இறங்கியபோது, அதே பள்ளத்தில் இந்நேரம் நடு அடுக்கு நழுவிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மண்டபத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினார்.

கேக் நின்றுகொண்டிருந்தது. மண்டபத்தின் நடுவில், வெள்ளை விரிப்பின்மேல், மூன்றடுக்கும் நூல் பிடித்தது போல நேராக நின்றுகொண்டிருந்தது. மேலாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கேயாவது சாய்ந்திருக்கிறதா என்று தேடி ஏமாந்துகொண்டிருந்தார். "ம்... அடுத்த மாசம் நாலு விருந்து இருக்கு" என்றார் கடைசியில், கேக்கைப் பார்த்தே.

மனைவி சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் அழுததைப் பார்த்துக் கேக்காரருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். "ஒரு பூகூட விழலைங்க" என்றாள் அவள். "தொட்டி முனையில இறங்குறப்ப உயிரே போயிடுச்சு. ஆனா ஒரு சத்தம்? ஊஹும்."

வெளியே வந்ததும் அவள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

"நான் ஏறக் கூடாதும்மா. இன்னும் எனக்குச் சான்று வரலை."

"வாயை மூடிட்டு உக்காந்தா யாருக்குத் தெரியப் போகுது? ஏறுங்கன்னா."

ஏறினார். மனைவி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். தொட்டி முனை வந்தது. பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. வண்டி இறங்கியது, ஏறியது. சத்தம் இல்லை. பூனை நடந்தது போல இருந்தது. கேக்காரருக்கு நெஞ்சிலிருந்து சந்தோஷம் பொங்கிக்கொண்டு தொண்டை வரை வந்துவிட்டது. ஊரே கேட்கும்படி ஏதாவது கத்த வேண்டும் போல இருந்தது. முத்திரை குத்திய காகிதத்தை நினைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்து அடக்கினார். முகம் சிவந்துபோனது.

மனைவி அவரை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, நாக்கை மேலே ஒட்டி, "லொட லொட லொட!" என்றாள்.

அதோடு அந்த வண்டியில் பயணம் செய்யத் தகுதியுள்ளவர் ஒருவரும் மிச்சமில்லை. வண்டி மட்டும் சத்தம் போடாமல் வீடு போய்ச் சேர்ந்தது.